மறுமுறை எழுதும் வட்டுகளை டெர்மினலில் அழிப்பது: பிளாங்க், ஃபார்மட் இரண்டும் ஒன்றா?

சுழல்தட்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அலமாரியைக் காலி செய்தபோது மறுமுறை எழுதக்கூடிய வட்டுகள் பதினொன்று அகப்பட்டன. பாதிக்கு உறை இல்லை, சிலவற்றில் மார்க்கர் எழுத்தே அழிந்துவிட்டது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு காப்புப்பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். கணினி லினக்ஸ். வரைகலை மென்பொருள் பாதியில் தொங்கியதால் டெர்மினலுக்கு வந்தேன்.

முதலில் போட்ட கட்டளை இது (வோடிம் என்பது வட்டு எழுதும் நிரல்):

வோடிம் -வி டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 பிளாங்க்=ஃபாஸ்ட்

மூன்று வட்டுகள் ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடத்தில் முடிந்தன. நான்காவதில் "வட்டை பிளாங்க் செய்ய முடியவில்லை, நிறுத்துகிறேன். சில டிரைவ்கள் எல்லா வகை பிளாங்கையும் ஏற்பதில்லை. பிளாங்க்=ஆல் போட்டுப் பாருங்கள்" என்று சொன்னது. சரி என்று அதையும் போட்டேன், அதே பதில். நான்கு முறை போட்டேன், நான்கு முறையும் அதே.

ஐந்தாவதுக்கு எங்கோ படித்த நினைவில் டிவிடி+ஆர்டபிள்யூ-ஃபார்மட் -பிளாங்க் /டெவ்/எஸ்ஆர்0 என்று போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 100 காட்டிவிட்டது. க்ரோஐசோஎஃப்எஸ் என்ற டிவிடி எழுதும் நிரலை வைத்து ஒரு கோப்புறையை எழுதினேன், நன்றாகவே போனது. மறுநாள் -எம் போட்டு இன்னொரு கோப்புறையைச் சேர்க்கப் பார்த்தால் முடியாது என்கிறது. வட்டில் 4 ஜிபிக்கு மேல் இடம் காலியாக இருக்கிறது!

ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது? அழிப்பதும் ஃபார்மட் செய்வதும் ஒன்றுதானா, வேறா?

---

நொடிநேரம் எழுதியது:

இதற்கு இத்தனை நிரலா? டிடி போட்டு சுழியத்தை நிரப்பிவிட்டுப் போங்கள்.

டிடி இஃப்=/டெவ்/ஜீரோ ஓஎஃப்=/டெவ்/எஸ்ஆர்0 பிஎஸ்=32கே

எந்த வட்டானாலும் வட்டுதானே.

---

கருந்திரை எழுதியது:

நொடிநேரம், அந்தக் கட்டளையை ஒரு சிடி-ஆர்டபிள்யூவில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். கோப்பைத் திறக்கும்போதே "படிக்க மட்டுமான கோப்பமைப்பு" என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். லினக்ஸ் கெர்னல் அந்தச் சாதனத்தை நேரடியாக எழுத விடுவது டிவிடி+ஆர்டபிள்யூ, டிவிடி-ராம் மாதிரி கண்ட இடத்தில் எழுதக்கூடிய வட்டு உள்ளே இருந்தால்தான். எந்த வட்டானாலும் வட்டுதான் என்று நினைப்பதில்தான் சுழல்தட்டு மாட்டிக்கொண்டதும்.

சுழல்தட்டு, கட்டளை எதையும் போடுவதற்கு முன் உள்ளே இருப்பது என்ன வட்டு என்று டிரைவையே கேளுங்கள். வட்டின் மேல் அச்சடித்திருப்பது அழிந்திருந்தாலும் உள்வளையத்தில் உற்பத்தியின்போதே பதித்த தகவல் அழியாது.

டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ /டெவ்/எஸ்ஆர்0

இதில் "மவுண்டட் மீடியா" என்ற வரியை மட்டும் பாருங்கள். ஓர் எண் இருக்கும், பதினாறடிமான எண். 13 என்றால் டிவிடி-ஆர்டபிள்யூ, ரெஸ்ட்ரிக்டட் ஓவர்ரைட் நிலையில். 14 என்றால் அதே டிவிடி-ஆர்டபிள்யூ, ஸீக்வென்ஷியல் நிலையில். 12 என்றால் டிவிடி-ராம். 43 என்றால் ப்ளூரே ஆர்இ. ப்ளஸ் வட்டுக்கு, அதாவது டிவிடி+ஆர்டபிள்யூவுக்கு, ஒன்றோடு ஏ எழுத்து சேர்ந்து வரும். சிடியைப் போட்டால் "இது டிவிடி இல்லை" என்று சொல்லி வெளியே வந்துவிடும். அதற்கு வோடிம் -ஏடிப் டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 போடுங்கள், "அழிக்கக்கூடியது" என்று ஒரு வரி வந்தால் சிடி-ஆர்டபிள்யூ.

(கட்டளைகளை ஒலிப்பிலேயே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், கோடும் சமக்குறியும் இடம் மாறாமல் தட்டிக்கொள்ளுங்கள். கோட்டுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று வராதீர்கள்.)

பதினொன்றுக்கும் எண்ணை எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

---

பழையபெட்டி எழுதியது:

கருந்திரை சொன்னதற்கு முன்கதை ஒன்று உண்டு. அது தெரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

ஒருமுறை மட்டும் எழுதும் வட்டில் இருப்பது சாயம். லேசர் பட்டால் கருகும், பிறகு மாறாது. மறுமுறை வட்டில் இருப்பது உலோகக் கலவை. சிடி-ஆர்டபிள்யூவில் வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம். லேசரை அதிக வலுவில் சட்டென்று அடித்தால் அந்தப் புள்ளி 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி உருகி, உடனே குளிர்ந்து ஒழுங்கற்ற நிலையில் உறைந்துவிடும். அது மங்கல் புள்ளி. கொஞ்சம் குறைந்த வலுவில் 200 டிகிரி போலச் சூடாக்கினால் மறுபடி படிகமாக அடுக்கிக்கொள்ளும், பளபளப்பு திரும்பும். எழுத ஒரு வலு, அழிக்க ஒரு வலு, படிக்க ஒரு வலு.

இங்கேதான் கவனிக்கவேண்டும். எழுதும்போதே மங்கல் புள்ளி வேண்டிய இடத்தில் உருக்கும் வலுவும், நடுவில் பளபளப்பு வேண்டிய இடத்தில் அழிக்கும் வலுவும் மாறிமாறிப் போகின்றன. அதாவது பழைய எழுத்தின் மேலேயே நேராகப் புதிய எழுத்தை எழுதிவிடலாம், முதலில் துடைக்கவேண்டிய தேவை அந்த உலோகத்துக்குக் கிடையாது. சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதுகிற மாதிரி நினைத்துக்கொள்கிறோம், ஆனால் இது துடைத்துக்கொண்டே எழுதுகிற பலப்பம்.

அப்படியானால் பிளாங்க் எதற்கு? கணக்குப் புத்தகத்துக்காக. சிடி-ஆர்டபிள்யூவும் டிவிடி-ஆர்டபிள்யூவும் ஒருமுறை வட்டின் வாரிசுகள். எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது, எத்தனை டிராக் என்று உள்வளையத்தில் எழுதிவைத்து, முடித்த வட்டில் மறுபடி எழுத விடாத ஒழுங்கு அப்படியே இவற்றுக்கும் வந்துவிட்டது. பிளாங்க் என்றால் அந்தக் கணக்கைக் கிழிப்பது. ப்ளஸ் வட்டு அந்த ஒழுங்கையே தூக்கிப்போட்டுவிட்டது. அதற்குக் கணக்குக் கிழிப்பே இல்லை. உங்கள் நான்காவது வட்டு ப்ளஸ் என்று இங்கிருந்தே சொல்கிறேன்.

ஒரு கிளைக்கதை: சிடி-ஆர்டபிள்யூ திருப்பி அனுப்பும் ஒளி 15 முதல் 25 சதவீதம்தான், அச்சடித்த சிடியில் 70 சதவீதத்துக்கு மேல். பழைய பாட்டுப்பெட்டிகள் இதைப் படிக்க முடியாமல் விழித்ததற்குக் காரணம் இதுதான். அதை வட்டின் கோளாறு என்று நினைத்து நான் அழித்து அழித்து எழுதிய இரவுகள் உண்டு.

---

சுழல்தட்டு எழுதியது:

பலப்பம் உவமை பிடித்தது ஐயா. பத்து வட்டுகளைப் பார்த்துவிட்டேன்.

சிடி-ஆர்டபிள்யூ ஐந்து. ப்ளஸ் மூன்று (நான்காவது ப்ளஸ்தான், சரியாகச் சொல்லிவிட்டீர்கள்). மைனஸ், அதாவது டிவிடி-ஆர்டபிள்யூ, இரண்டு: ஒன்று 14, மற்றது 13. என்னைப் படுத்துவது அந்த 14.

பதினொன்றாவது பழைய மேசைக்கணினியின் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பெட்டி உயிரோடு இல்லை, ட்ரே திறக்காது.

---

பழையபெட்டி எழுதியது:

பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக்கொள்ளுங்கள். ட்ரேயின் முகப்பில் ஊசித்துளை ஒன்று இருக்கும், நேராக உள்ளே அழுத்தினால் ட்ரே கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுங்கள். மின் இணைப்பு இல்லாமல்தான் செய்யவேண்டும்.

---

கருந்திரை எழுதியது:

14-ஐ எடுத்துக்கொள்வோம், அதுதான் ஆட்களைப் பைத்தியமாக்குவது.

மைனஸ் வட்டுக்கு இரண்டு வாழ்க்கை. ஸீக்வென்ஷியல் நிலையில் அது ஒருமுறை வட்டு மாதிரி நடந்துகொள்ளும்: உள்ளிருந்து வெளியே வரிசையாக எழுதும், மீண்டும் எழுத பிளாங்க் வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் ஓவர்ரைட் நிலையில் ஏறக்குறைய ப்ளஸ் மாதிரி: எழுதியதன் மேலேயே எழுதலாம், பிளாங்க் தேவையில்லை. வட்டு ஒன்றுதான். எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் அந்த 13, 14 சொல்கிறது. -பிளாங்க் போட்டால் 14-க்குப் போகும், -ஃபோர்ஸ் போட்டு ஃபார்மட் செய்தால் 13-க்கு வரும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, மைனஸ் வட்டைப் பொறுத்தவரை பிளாங்கும் ஃபார்மட்டும் எதிரெதிர்த் திசைகள்.

இப்போது நீங்கள் விழுந்த குழி. வெறும் -பிளாங்க் என்றால் குறைந்தபட்ச அழிப்பு, கணக்கை மட்டும் கிழிக்கும். அதனால்தான் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அப்படி அழித்த மைனஸ் வட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும் வசதி இருக்காது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் எழுதவேண்டும், எழுதியதும் வட்டு மூடிக்கொள்ளும். டிஏஓ என்பது இதுதான். முதல் நாள் எழுதியபோது திரையில் "ஃபீச்சர் 21 இயக்கத்தில் இல்லை, டிஏஓவில் இறங்குகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி ஓடியிருக்கும். பார்த்தீர்களா?

வழி இரண்டு. டிவிடி+ஆர்டபிள்யூ-ஃபார்மட் -பிளாங்க்=ஃபுல் /டெவ்/எஸ்ஆர்0 போட்டு முழுவதும் அழித்தால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும் வசதி திரும்பிவிடும். 1எக்ஸ் வேகத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மற்றது, ஸீக்வென்ஷியலே வேண்டாம் என்று:

டிவிடி+ஆர்டபிள்யூ-ஃபார்மட் -ஃபோர்ஸ் /டெவ்/எஸ்ஆர்0

சீக்கிரம் முடியும், வட்டு 13 ஆகிவிடும். அதன் பிறகு புதிதாக எழுத க்ரோஐசோஎஃப்எஸ் -ஸெட், சேர்க்க -எம். காப்புப்பிரதிக்கு நான் இதைத்தான் சொல்வேன். இந்தக் கருவிகளை எழுதிய ஆண்டி பொல்யாகோவும் மைனஸ் வட்டுக்கு ரெஸ்ட்ரிக்டட் ஓவர்ரைட்டையே விரும்புகிறார், கூடுதல் சுவிட்ச் எதுவும் இல்லாமல் புது மைனஸ் வட்டில் ஓட்டினால் அதுவே ஆகும். படம் பார்க்கும் டிவிடிப் பெட்டியில் ஓட்ட வேண்டிய வட்டு என்றால் மட்டும் ஸீக்வென்ஷியல்.

---

சுழல்தட்டு எழுதியது:

அந்த ஃபீச்சர் 21 வரி ஓடியது! ஏதோ எச்சரிக்கை என்று விட்டுவிட்டேன். எழுதி முடித்துவிட்டதே, அப்புறம் என்ன என்று நினைத்தேன்.

---

நொடிநேரம் எழுதியது:

சரி, சிடியில் டிடி போட்டுப் பார்த்தேன். திறக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ப்ளஸ் வட்டுக்கு என் கட்டளை சரிதானே?

---

கருந்திரை எழுதியது:

ப்ளஸ்ஸுக்குச் சரி. 32கே என்று நீங்கள் போட்டது தெரிந்து போட்டதா, அதிர்ஷ்டமா தெரியாது. டிவிடியில் பிழைதிருத்தத் தொகுதி ஒன்று 16 செக்டர், ஒவ்வொன்றும் 2048 பைட், மொத்தம் 32 கேபி. அதைவிடச் சிறிதாக எழுதினால் டிரைவ் அந்தத் தொகுதியைப் படித்து, திருத்தி, திரும்ப எழுதவேண்டும். நான் க்ரோஐசோஎஃப்எஸ் -ஸெட் /டெவ்/எஸ்ஆர்0=/டெவ்/ஜீரோ என்று போடுவேன், கன்னி வட்டாக இருந்தால் அதுவே ஃபார்மட் செய்துகொள்ளும்.

சுழல்தட்டு, உங்கள் ப்ளஸ் மூன்றுக்கும் செய்யவேண்டியது எதுவுமே இல்லை. அழிக்கவேண்டாம், ஃபார்மட் வேண்டாம். க்ரோஐசோஎஃப்எஸ் -ஸெட் போட்டுப் புதியதை எழுதினால் பழையது போய்விடும். வோடிம் சொன்ன "பிளாங்க்=ஆல் போட்டுப் பாருங்கள்" சிடிக்கு நல்ல அறிவுரை, ப்ளஸ் வட்டில் அது வெறும் பொதுப் பதில். ஏற்கெனவே ஃபார்மட் ஆன ப்ளஸ் வட்டில் ஃபார்மட் கருவியைச் சும்மா ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் செய்யாமல், லீட்-அவுட் (எழுத்தின் முடிவைக் குறிக்கும் பகுதி) எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, -ஃபோர்ஸ் போட்டால் புதிதாக ஃபார்மட் ஆகும் என்று சொல்லும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் "பரிந்துரைக்கப்படவில்லை" என்றும் இருக்கும். எழுதியவரே வேண்டாம் என்கிறார். இந்த வட்டுகள் 1000 முறை அளவில்தான் தாங்கும், ஒவ்வொரு வாரமும் பழக்கதோஷத்தில் ஃபார்மட் போட்டு அந்த ஆயுளைத் தின்னாதீர்கள்.

ப்ளஸ் வட்டில் முதல் ஃபார்மட் சட்டென்று முடிவதுபோல் தெரிவதற்குக் காரணமும் உண்டு. உள்வளையத்தை மட்டும் எழுதிவிட்டு, மீதியை டிரைவ் பின்னணியில், நீங்கள் எழுதாத நேரத்தில் செய்துகொள்ளும். நடுவில் வட்டை எடுத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

---

சாளரவாசி எழுதியது:

விண்டோஸில் இருப்பவர்களுக்காக: கமாண்ட் ப்ராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து,

ஃபார்மட் ஈ: /எஃப்எஸ்:யூடிஎஃப் /ஆர்:2.01 /க்யூ

ஈ என்பது டிரைவ் எழுத்து, யூடிஎஃப் என்பது வட்டுகளுக்கான கோப்பமைப்பு, /ஆர் அதன் பதிப்பு. /ஆர் போடாவிட்டாலும் 2.01 தான். விண்டோஸ் எக்ஸ்பி கணினியும் படிக்கவேண்டும் என்றால் 2.01-ஐத் தாண்டாதீர்கள், 2.50 அதற்குத் தெரியாது. /க்யூவை விட்டுவிட்டால் முழு ஃபார்மட். உட்கார்ந்திருக்க நேரம் இருந்தால் செய்யுங்கள்.

---

ஆப்பிள்கடி எழுதியது:

மேக்கில் டிஆர்யூடில் இரேஸ் குயிக், அல்லது டிஆர்யூடில் இரேஸ் ஃபுல். வட்டின் வகையைப் பார்க்க டிஆர்யூடில் ஸ்டேட்டஸ். அவ்வளவுதான்.

---

சுழல்தட்டு எழுதியது:

நேற்று இரவு நிலவரம்.

14 வட்டை -ஃபோர்ஸ் போட்டு 13 ஆக்கிவிட்டேன். -ஸெட், -எம், மறுபடி -எம், மூன்றும் போயின. ப்ளஸ் மூன்றிலும் நேராக எழுதினேன்.

சிடியில் ஒரு சிக்கல். ஐந்தில் ஒன்று எதற்கும் மசியவில்லை. பல வருடம் முன் அதை ஃப்ளாப்பி மாதிரி இழுத்துப் போட்டு எழுதும் மென்பொருளில் பயன்படுத்தினேன். நடுவில் மின்சாரம் போனது நினைவிருக்கிறது. பிளாங்க்=ஃபாஸ்ட் போட்டால் உள்ளே தடதடவென்று சத்தம், பிறகு பிழை.

இன்னொன்று: நன்றாக அழிந்த ஒரு சிடியை எல்எஸ் போட்டால் பழைய கோப்புப் பெயர்கள் அப்படியே தெரிகின்றன. அழிந்ததா இல்லையா?

---

கருந்திரை எழுதியது:

இரண்டாவதற்கு: அழிந்துவிட்டது, கெர்னலுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. பழைய அடைவை நினைவில் வைத்திருக்கிறது. இஜெக்ட் போட்டு வட்டை வெளியே எடுத்து மறுபடி உள்ளே தள்ளுங்கள். எழுதும் கருவிகள் சில தாமாகவே ட்ரேயைத் திறந்து மூடுவது இதற்காகத்தான். அப்புறம், அழிக்கும்போது வட்டு மவுண்ட் ஆகியிருக்க, அதாவது கோப்புகளைத் திறக்கும்படி இணைந்திருக்கக் கூடாது. டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்துவிடும், உடனே "சாதனம் வேலையில் இருக்கிறது" என்று வரும். யூமவுண்ட் /டெவ்/எஸ்ஆர்0. அதற்கும் மசியாவிட்டால் ஃப்யூசர் -வி /டெவ்/எஸ்ஆர்0 போட்டால் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் கோப்பு மேலாளர் சாளரம் ஒன்று திறந்தபடி கிடக்கும்.

முதலாவதற்கு: கணக்குப் புத்தகமே கிழிந்த நிலையில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, வற்புறுத்தி, முழுவதுமாக அழியுங்கள்:

வோடிம் -வி -ஃபோர்ஸ் ஸ்பீட்=4 டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 பிளாங்க்=ஆல்

80 நிமிட வட்டு 4எக்ஸ் வேகத்தில் 20 நிமிடம். நடுவில் முன்னேற்றம் எதுவும் காட்டாது. தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள், விளக்கு மினுங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பாதியில் நிறுத்தினால் மறுபடி இதே கதை.

---

பழையபெட்டி எழுதியது:

அந்த "ஃப்ளாப்பி மாதிரி" விஷயம்: அதுதான் பாக்கெட் ரைட்டிங். சிடி-ஆர்டபிள்யூவை முன்கூட்டியே சிறு சிறு பொட்டலங்களாக ஃபார்மட் செய்துவிடுவார்கள். ஒரு பொட்டலத்தில் 32 தொகுதி உங்களுடையது, ஒட்டுப்போட 7 தொகுதி அதனுடையது. 39-இல் 7 போனால் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு கொள்ளளவு காலி. 650 எம்பி வட்டு ஏன் அத்தனை குறைவாகக் காட்டியது என்று அப்போது யோசித்திருப்பீர்கள். ஆக சிடி-ஆர்டபிள்யூவிலும் ஃபார்மட் என்று ஒன்று உண்டு, லினக்ஸில் சிடிஆர்டபிள்யூடூல் அதைச் செய்யும். சாதாரணமாக ஐஎஸ்ஓ (கோப்புகளை ஒரே படிமமாகத் தொகுத்தது) எழுதப்போகிறீர்கள் என்றால் அது வேண்டாம், பிளாங்க் போதும்.

அப்புறம் சிடியின் முகப்பில் ஹை ஸ்பீட், அல்ட்ரா ஸ்பீட் என்று சின்னம் இருக்கிறதா பாருங்கள். ரொம்பப் பழைய டிரைவ் அவற்றைப் படிக்கும், ஆனால் எழுதவோ அழிக்கவோ செய்யாது. வட்டு நன்றாகத்தான் இருக்கும், நாம் குப்பையில் போட்டிருப்போம்.

---

இரவுக்காவல் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சுழல்தட்டு வட்டுகளைத் தானே வைத்துக்கொள்கிறார், சரி. நான் என்னுடையதை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறேன். அதில் வருமானக் கணக்கும் மருத்துவ அறிக்கைகளும் இருந்தன. பிளாங்க்=ஃபாஸ்ட் போதுமா?

---

நொடிநேரம் எழுதியது:

போதும். கணினியில் போட்டால் காலி வட்டு என்றுதான் காட்டும். யார் உட்கார்ந்து தோண்டப்போகிறார்கள்?

---

கருந்திரை எழுதியது:

போதாது. காலி என்று காட்டுவது டிரைவ், வட்டு அல்ல. ஃபாஸ்ட் அழிப்பு உள்வளையத்தில் இருக்கும் அட்டவணையை அழித்துவிட்டு நிற்கிறது, அறிக்கைகள் மங்கல் புள்ளிகளாக அப்படியே கிடக்கின்றன. அட்டவணை இல்லாததால் டிரைவ் படிக்க மறுக்கிறது, அவ்வளவே.

ப்ளஸ் வட்டு, 13 நிலை மைனஸ் வட்டு இரண்டிலும் நிலைமை இன்னும் மோசம். எக்ஸோரிசோ என்ற வட்டு எழுதும் நிரலில் -பிளாங்க் ஆஸ்_நீடெட் என்று ஒரு வசதி உண்டு, வட்டு எந்த வகை என்று தானே பார்த்து வேண்டியதைச் செய்யும், மிக வசதி. ஆனால் மேலெழுதக்கூடிய வட்டில் அது ஐஎஸ்ஓவின் தலைப்பை மட்டும் செல்லாததாக்கிவிட்டு "முடிந்தது" என்கிறது. டிடி வைத்திருக்கும் யாரும் மீதியைப் படிக்கலாம். இதைக் கருவியின் குறை என்று சொல்லமாட்டேன், மறுபடி எழுதத் தயார் செய்வதுதான் அதன் வேலை. ரகசியம் காப்பது வேறு வேலை.

ஆகவே கொடுக்கப்போகும் வட்டுக்கு: சிடி-ஆர்டபிள்யூ என்றால் பிளாங்க்=ஆல். 14 நிலை மைனஸ் என்றால் -பிளாங்க்=ஃபுல். ப்ளஸ் என்றால் சுழியம் நிரப்புங்கள். 13 நிலை மைனஸுக்கும் -பிளாங்க்=ஃபுல் போதும், 14 ஆகிவிடும், வாங்குபவர் பார்த்துக்கொள்வார்.

சுழியம் நிரப்பியதைச் சோதிக்க ஒரு குட்டிக் கட்டளை:

சிஎம்பி /டெவ்/எஸ்ஆர்0 /டெவ்/ஜீரோ

வட்டு முழுக்கச் சுழியம் என்றால் "எஸ்ஆர்0 முடிந்துவிட்டது" என்று மட்டும் சொல்லும். ஏதாவது ஒரு பைட் வேறு என்றால் எந்த இடம் என்று சொல்லி நின்றுவிடும். டிடி வைத்து நிரப்பினால் கடைசியில் "சாதனத்தில் இடமில்லை" என்று பிழைபோல ஒன்று வரும், பதறவேண்டாம். விளிம்பு வரை போனதற்கு அதுதான் சாட்சி. எத்தனை பைட் எழுதியது என்று பாருங்கள்: ப்ளஸ் வட்டில் 4,700,372,992 வரவேண்டும்.

---

இரவுக்காவல் எழுதியது:

நிரப்பினேன். 4,700,372,992 வந்தது. சிஎம்பியும் முடிந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னது. நன்றி.

---

நொடிநேரம் எழுதியது:

என் ப்ளஸ் வட்டு ஒன்றில் எக்ஸோரிசோ பிளாங்க் போட்டுவிட்டு ஸ்ட்ரிங்ஸ் கட்டளையில் தேடினேன். போன வருடக் கடிதங்கள் எல்லாம் வரிவரியாக வருகின்றன. என் "போதும்" என்ற பதிலைக் கணக்கில் எடுக்கவேண்டாம்.

---

சுழல்தட்டு எழுதியது:

மசியாத சிடி மசிந்துவிட்டது! 22 நிமிடம். நடுவில் இரண்டு முறை கண்ட்ரோல்-சி மேல் விரல் போனது, கையை எடுத்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி. ப்ளஸ் வட்டில் ஐஎஸ்ஓ எழுதாமல், பென்டிரைவ் மாதிரி மவுண்ட் செய்து கோப்புகளைப் போட முடியுமா?

---

கருந்திரை எழுதியது:

முடியும். எம்கேயூடிஎஃப்எஃப்எஸ் --மீடியா-டைப்=டிவிடிஆர்டபிள்யூ /டெவ்/எஸ்ஆர்0 போட்டு யூடிஎஃப் அமைத்து மவுண்ட் செய்யலாம். மவுண்ட் செய்யும்போது நோஏடைம் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாலே திறந்த நேரத்தைக் குறிக்க வட்டில் எழுதும்.

ஆனால் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. கோப்பமைப்பின் அட்டவணை இருக்கும் அதே இடம் திரும்பத் திரும்ப எழுதப்படும், 1000 முறை அங்கே சீக்கிரம் தீரும். வேகமும் ஆமை. அப்படிப் பயன்படுத்தப் பிறந்தது டிவிடி-ராம். அது 100,000 முறை தாங்கும், பரப்பில் செக்டர் எல்லைகள் சிறு சிறு கட்டங்களாகக் கண்ணுக்கே தெரியும்.

---

பழையபெட்டி எழுதியது:

ராம் வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல் அடுக்கினமாதிரி இருக்கும். எழுதியதை உடனே படித்துச் சரிபார்ப்பதால் எழுதும் வேகம் பாதியாகும். அந்தக் காத்திருப்பு எனக்கு உறுத்தியதே இல்லை.

---

சுழல்தட்டு எழுதியது:

பேப்பர் கிளிப் வேலை செய்தது ஐயா. பதினொன்றாவது வெளியே வந்துவிட்டது. மேல் அச்சு முழுக்க உரிந்து போயிருக்கிறது, "புகைப்படம் 2" என்று என் கையெழுத்து மட்டும் மிச்சம்.

-பிளாங்க் போட்டேன், முடியாது என்கிறது. -பிளாங்க்=ஃபுல், முடியாது. -ஃபோர்ஸ், முடியாது. வேகத்தைக் குறைத்தும் பார்த்துவிட்டேன். லென்ஸைத் துடைத்தேன். டிரைவையே மாற்றினேன். படிக்கிறது, படங்கள் எல்லாம் நன்றாகத் திறக்கின்றன. அழிய மட்டும் மறுக்கிறது. 13-ஆ 14-ஆ என்று பார்க்கலாம் என்றால் மீடியாஇன்ஃபோவில் எண் 11 என்று வருகிறது. அந்த எண்ணை நீங்கள் சொல்லவில்லையே?

---

கருந்திரை எழுதியது:

11 என்றால் டிவிடி-ஆர். ஒருமுறை வட்டு.

---

சுழல்தட்டு எழுதியது:

இரண்டு மணி நேரம் போராடினேன்.

---

பழையபெட்டி எழுதியது:

சாயம் கருகியது கருகியதுதான் தம்பி. படங்களை நகலெடுத்துக்கொண்டு அதை அப்படியே உறையில் போட்டு வையுங்கள். உறை மேல் இந்த முறை "ஆர்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.